மேட்டுக்குப் பெயர் சயனைடு

கோலார் தங்கவயலுக்குப் போகாதவர்கள்கூட அந்த மேட்டைப் பார்த்திருப்பார்கள். 2018இல் வந்த 'கேஜிஎஃப்' படத்தின் சில காட்சிகள் அங்கேதான் எடுக்கப்பட்டன. வெளிறிய மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். மழை அரித்த வரிகள். செடிகொடி ரொம்பக் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால் ராஜஸ்தான் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஊர்க்காரர்களைக் கேட்டால் 'சயனைடு மேடு' என்பார்கள். அப்படி ஒன்றல்ல, பதின்மூன்று மேடுகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து சுமார் 3.3 கோடி டன்.

அது இயற்கையான குன்று இல்லை. பூமிக்கு அடியிலிருந்து வெட்டி எடுத்து, மாவாக அரைத்து, அதிலிருந்த தங்கத்தை உறிஞ்சிய பிறகு கொட்டிய கழிவு. 'டெய்லிங்ஸ்' என்பது சுரங்கத் தொழிலில் அதற்குள்ள சொல். சயனைடு போட்டுக் கழுவிய மண் என்பதால் இந்தப் பெயர்.

பெயரைக் கேட்டதும் நமக்குப் பயம் வருவது சயனைடைப் பற்றித்தான், இல்லையா? இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கப் பார்க்கிறது. வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் சயனைடு காலப்போக்கில் சிதைந்துபோகும். சிதையாதது வேறொன்று: அரைத்த பாறை. அதாவது சிலிக்கா. தங்கவயல் மக்களின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்ததும் அதுதான். ஆனால் அதன் பெயரில் அங்கே எந்த மேடும் இல்லை.

1

முதலில் கணக்கு.

தங்கவயலில் ஏறத்தாழ 120 வருடங்களில் எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். அதற்காகத் தோண்டி அரைத்த தாதுப்பாறை சுமார் 5.1 கோடி டன். வகுத்துப் பாருங்கள். ஒரு டன் பாறைக்கு சராசரியாகப் பதினாறு கிராம், நம் வீட்டுக் கணக்கில் இரண்டு பவுன். ஒரு மாட்டுவண்டி கொள்ளும் அளவு கல்லை உடைத்து அரைத்தால், ஒரு கல்யாண மோதிரமும் ஒரு ஜோடி கம்மலும் தேறும். மீதி எல்லாம் கழிவு.

இது சராசரிதான். ஆரம்ப வருடங்களில் ஒரு டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது. மூடுகிற காலத்தில் மூன்று, நான்கு கிராம். ஐந்து பவுனில் ஆரம்பித்த கதை அரைப் பவுனில் முடிந்தது. சுரங்கத்தின் மொத்த வரலாறும் இந்தச் சரிவுக்குள் அடங்கியிருக்கிறது. தங்கம் குறையக் குறைய இன்னும் ஆழமாகப் போக வேண்டும், இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். ஆழமாகப் போனால் பாறை வெடிக்கும். நைஸாக அரைத்தால் தூசி மெலியும். இரண்டுக்கும் விலை உண்டு.

அங்கே தங்கம் இருப்பது வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடித்த ரகசியம் ஒன்றும் இல்லை. திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் ஊர்மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைக் கேள்விப்படுகிறார். உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து ஜனங்கள் அவர் முன்னாலேயே கழுவிக் காட்டினார்கள். அவர்களில் சிலர் குழிக்குள் இறங்கிப் பாறையை உடைத்துக்கொண்டும் இருந்தார்கள். வாரன் அதை அறிக்கையாக எழுதிவிட்டுப் போனார். எழுபது வருடம் கழித்து, நியூசிலாந்துப் போரில் பங்கெடுத்துவிட்டு பெங்களூரில் வந்து தங்கியிருந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் அந்த அறிக்கையைப் படிக்கிறார். மைசூர் அரசிடம் உரிமம் வாங்குகிறார். அந்த உரிமம் கைமாறி, 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்குள் வருகிறது. போட்ட பணமெல்லாம் போய், கடையைக் கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 'சாம்பியன் ரீஃப்' என்று பின்னால் பேர் வாங்கிய குவார்ட்ஸ் படிவம் கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். 1894இல் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில். 1902இல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்கம்பி இழுத்து, அருவியின் கரண்ட்டைச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான்.

கோலாருக்கு எது தேவையோ அது எங்கிருந்தாலும் வந்து சேர்ந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

2

குவார்ட்ஸுக்குள் தங்கம் கண்ணுக்குத் தெரியும் கட்டியாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பொடிப்பொடியாக, கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரிக்க பழைய வழி பாதரசம். பெரிய இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி இறங்கிப் பாறையை இடிக்கும். 'ஸ்டாம்ப் மில்' என்று பெயர். இடித்த கூழ் தண்ணீரோடு சேர்ந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் ஓடும். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சுரண்டி எடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும்.

இதில் ஒரு ஓட்டை. ரொம்ப மெல்லிய பொடியும், சல்பைடு கனிமங்களோடு பின்னிக் கிடக்கும் தங்கமும் பாதரசத்தில் சிக்காது. கூழோடு சேர்ந்து வெளியே போய்விடும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் வயல்களில் இப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தங்கம் வீணாகிக்கொண்டிருந்தது.

1887இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இதற்கு விடை கிடைத்தது. ஜான் ஸ்டூவர்ட் மக்கார்தர் என்ற வேதியியலாளர், ராபர்ட் ஃபாரஸ்ட், வில்லியம் ஃபாரஸ்ட் என்ற இரண்டு மருத்துவச் சகோதரர்கள். மிக நீர்த்த சயனைடு கரைசலில் அரைத்த தாதுவை ஊறவைத்தால் தங்கம் கரைந்துவிடும் என்று காட்டினார்கள். தங்கம் எதிலும் கரையாத ராஜ உலோகம் என்றல்லவா சொல்வோம்? சயனைடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் அது உப்பு மாதிரி தண்ணீரில் போய்விடுகிறது. அந்தத் தண்ணீரைத் துத்தநாகச் சீவல்கள் வழியே விட்டால் துத்தநாகம் கரைந்து, தங்கம் கறுப்புச் சேறாகக் கீழே படிகிறது. உருக்கினால் மஞ்சள்.

சயனைடு தங்கத்தைக் கரைக்கும் என்பது அதற்கு நூறு வருடம் முன்பே வேதியியலாளர்களுக்குத் தெரியும். அதனால் 1896இல் டிரான்ஸ்வால் நீதிமன்றம், இதில் புதுமை இல்லை என்று காப்புரிமையை ரத்து செய்தது. ஆனால் எவ்வளவு நீர்த்த கரைசல், எதை வைத்து மீட்பது, தொட்டியில் எப்படிச் செய்வது என்ற நடைமுறை மூன்று பேருடையது. உலகத்தின் தங்க உற்பத்தியை மாற்றியதும் அந்த நடைமுறைதான். 1889இல் நியூசிலாந்து, 1890இல் தென்னாப்பிரிக்கா. அதே 1890களுக்குள் கோலாரிலும் சயனைடு தொட்டிகள் வந்துவிட்டன. மீட்சி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது.

சயனைடு தன் வேலையைச் செய்ய ஒரு நிபந்தனை வைத்தது: கரைசல் ஒவ்வொரு தங்கத் துணுக்கையும் தொட வேண்டும். அதனால் பாறையை முன்பைவிட நைஸாக அரைக்க வேண்டியிருந்தது. மணல், பிறகு மாவு, பிறகு பவுடர். ஆலையில் தினமும் கழிவின் மாதிரியை எடுத்து, ஈயத்தோடு உருக்கி, கடைசியில் மிஞ்சும் தங்க மணியை நுண்தராசில் நிறுப்பார்கள். ஒரு டன் கழிவில் எத்தனை கிராம் தங்கம் தப்பிப் போகிறது என்பது நிர்வாகத்துக்குத் தசம சுத்தமாகத் தெரியும். தப்பிப் போன தங்கத்தைக் கணக்கெடுப்பதில் அவ்வளவு கறார்.

தப்பிப் போன தூசியை யார் கணக்கெடுத்தார்கள்?

3

சுரங்கத்தில் இறங்கியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' அந்தக் கதையைத் தொட்டது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து போனவர்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். பஞ்சமும் பண்ணையாரும் துரத்தியதால் போனார்கள் என்பது பாதி உண்மை. கூலி காசாகக் கைக்கு வரும், ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்பதாலும் போனார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். 'லைன்' என்று சொல்லப்பட்ட வரிசை வீடுகளில், தட்டி மறைப்புக்குள் குடும்பங்கள்.

கீழே அவர்கள் செய்த வேலை பாறையில் துளை போடுவது, வெடி வைப்பது, உடைந்ததை அள்ளுவது. காற்றழுத்தத்தில் ஓடும் டிரில் மெஷின் வந்ததும் வேலை வேகமானது. உலர்ந்த பாறையில் டிரில் போட்டால் புகை மாதிரி வெள்ளைத் தூசி கிளம்பும். கண்ணுக்குத் தெரியும் தூசியால் பெரிய ஆபத்து இல்லை. இருமினால் வெளியே வந்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் கீழே உள்ளது, கண்ணுக்கே தெரியாதது, நுரையீரலின் கடைசி அறை வரை போகும். அதைத் தின்ன வரும் காவல் செல்கள் சிலிக்காவைச் செரிக்க முடியாமல் செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு. தழும்பு மேல் தழும்பு. கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரல் விரிய மறுக்கும். சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது வளரும். காசநோயை எளிதாக வரவழைக்கும், அதனால் பல சாவுகள் 'டிபி' என்று எழுதப்பட்டுவிடும்.

இதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடலாமா? முடியாது.

1902-03லேயே தென்னாப்பிரிக்காவில் இதற்காக ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. 1904இல் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நிலை பற்றி ஜே.எஸ். ஹால்டேனும் சகாக்களும் அறிக்கை தந்தார்கள். மெஷின் டிரில் ஓட்டியவர்கள் சின்ன வயதிலேயே சாகிறார்கள், காரணம் கல்தூசி, தண்ணீர் விட்டு டிரில் போட்டால் தூசியை அடக்கலாம். 1911, 1912இல் தென்னாப்பிரிக்காவில் நஷ்டஈட்டுச் சட்டங்களே வந்துவிட்டன. அவையும் வெள்ளைத் தொழிலாளிக்கு ஒரு கணக்கு, கறுப்புத் தொழிலாளிக்கு ஒரு கணக்கு என்றுதான் இருந்தன. ஆனாலும் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

கோலார்ச் சுரங்கத்தை மேய்த்தவர்களில் பெரும் பகுதி அதே கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள். ஹால்டேன் எழுதியது அவர்கள் அண்ணன் தம்பிகளின் கதை. அது அவர்களுக்கு வெளியூர்ச் சேதி அல்ல.

மைசூர் சமஸ்தானம் சிலிகோசிஸுக்கான விதிகளைக் கொண்டுவந்தது 1940இல். அதையொட்டிய வருடங்களில்தான் தங்கவயலில் முறையான மார்பு ஆய்வு நடந்தது. பரிசோதிக்கப்பட்டவர்கள் 7,653 பேர். நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிலிகோசிஸ்.

இப்போது இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளாஸ்கோவில் 1887இல் பிறந்த சயனைடு முறை பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் கோலாருக்கு வந்துவிட்டது. கார்ன்வாலிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1904, 1911இல் எழுதப்பட்ட தூசி பற்றிய அறிவு, சட்டமாக வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. இரண்டும் விஞ்ஞானம்தான். இரண்டும் ஒரே கப்பலில் வந்திருக்கலாம். தங்கத்தைக் கூட்டுகிற அறிவு தந்தியில் வந்தது, நெஞ்சைக் காப்பாற்றுகிற அறிவு மாட்டுவண்டியில் வந்தது.

4

இதே ஏற்றத்தாழ்வு இன்னொரு விதமாகவும் நடந்தது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போனது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கும் அதிகம். அதைவிடப் பெரிய பிரச்சினை அழுத்தம். 3 கிலோமீட்டர் பாறை தலைக்கு மேல் நிற்கிறது என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 800 கிலோ எடை. நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு மாருதி கார். தோண்டி எடுத்த இடம் காலியாகும்போது, அந்த எடை பக்கத்திலுள்ள பாறைக்கு நகர்கிறது. தாங்குகிற வரை தாங்கும். பிறகு எச்சரிக்கையே இல்லாமல் வெடிக்கும். 'ராக் பர்ஸ்ட்'. மேலே ஊரில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். லைன் வீடுகளில் இருக்கும் பெண்கள் அந்த அதிர்வைக் கேட்டதுமே ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள் என்று தங்கவயல்காரர்கள் சொல்லிக் கேட்கலாம். யாருடைய ஷிஃப்ட் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே.

இதை ஆராயாமல் சுரங்கம் ஓட முடியாது. ஆகவே ஆராய்ந்தார்கள். வெட்டிய இடங்களைக் கருங்கல் சுவர் கட்டி நிரப்பினார்கள், பிறகு கான்கிரீட் போட்டார்கள். எந்த வரிசையில் வெட்டினால் அழுத்தம் ஒரே இடத்தில் குவியாது என்று படித்தார்கள். 1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து, பாறைக்குள் அதிர்வு உணர்விகளைப் பதித்து, எங்கே வெடிக்கிறது என்று கணிக்கப் பார்த்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. இன்று நாட்டின் அணைகளுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் அது ஆலோசனை சொல்கிறது. அந்த அறிவின் முதல் பாடங்கள் தங்கவயல் பாறையில் படித்தவை. அந்தப் பாறைக்கு அடியில் நின்றவர்கள் கொடுத்த ஃபீஸ் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஆச்சரியமும் அங்கே நடந்தது. விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைத் தடுக்க, இயற்பியலாளர்களுக்கு ஆழமான ஓர் இடம் தேவைப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1950களின் தொடக்கத்திலிருந்தே கோலாரில் இறங்கினார்கள். 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனையில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் பதிவானது. அதே வருடம் இதே கண்டுபிடிப்பைச் செய்த இன்னொரு குழு எங்கே இருந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில்.

தமிழ்த் தொழிலாளியின் தலைக்கு மேல் மரணமாகத் தொங்கிய அதே பாறை, இயற்பியலாளருக்குக் கேடயம். இதில் இயற்பியலாளர்மேல் குற்றம் இல்லை. அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் பள்ளிப் பாடத்தில் நியூட்ரினோ வரும்போது கோலார் என்ற பெயரோடு அந்தக் குகையை வெட்டியவர்களும் ஒரு வரியில் வந்தால் என்ன குறைந்துவிடும்?

5

அவர்கள் அறிவுக்கு வெளியே நின்ற கூலிகள் மட்டும்தானா? அப்படி நினைத்தால் நாமும் நிர்வாகத்தின் பதிவேட்டை நம்பிவிட்டோம் என்று அர்த்தம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பிறகு தடுமாறி நின்றபோது, அதை 1920களில் மறுபடி உயிர்ப்பித்தவர் கோலார் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இருந்தது சாம்பியன் ரீஃபில். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. பகலில் சாம்பியன் ரீஃப் என்றால் லண்டன் பங்குச்சந்தையில் ஒரு பங்கின் பெயர். ராத்திரி அதே பெயர் ஒரு தமிழ்ப் புத்தகத்தின் அட்டையில் பதிப்பக முகவரி.

1930இல், திருட்டைத் தடுக்கிறோம் என்று சொல்லி நிர்வாகம் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவுசெய்ய முயன்றபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விரலைக் கேட்டதும் ஏன் இவ்வளவு கோபம்? இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் புரியும். கைநாட்டு என்பது குற்றவாளிக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் உரியது. அவர்கள் இரண்டும் இல்லை. அந்த விரல்களின் ரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகத்துக்கு அவசரம் இருந்தது. அதே உடம்பின் நெஞ்சைப் படம்பிடிக்க இன்னும் பத்து வருடம் பொறுத்திருந்தார்கள்.

6

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. இன்று காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் ஏறிப் பாருங்கள். தாத்தா ஆழத்துக்கு இறங்கிய அதே நேரத்தில் பேரப்பிள்ளைகள் மாலுக்கும் அபார்ட்மென்ட்டுக்கும் வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி போய்விட்டது. மேடு மட்டும் இருக்கிறது.

அந்த மேட்டிலும் இன்னும் தங்கம் இருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு, ஒரு மூக்குத்தி அளவு. ஆனால் 3.3 கோடி டன்னால் பெருக்கினால் இருபது டன்னைத் தாண்டும். தங்கம் விற்கிற விலையில் இது விடக்கூடிய சமாச்சாரம் இல்லை. 2024இல் இந்த மேடுகளை மறுபடி பிழிந்தெடுக்க மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். வேலை வரும், சரியாகச் செய்தால் தூசிமேடும் இல்லாமல் போகும். மேட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, கூழாகக் குழாயில் கொண்டுபோகும் தொழில்நுட்பம் உலகத்தில் பல இடங்களில் இருக்கிறது. காய்ந்த மேட்டை மண்வாரி இயந்திரத்தால் அள்ளி லாரியில் கொட்டுவதும் ஒரு வழி. முன்னதற்குச் செலவும் தண்ணீரும் அதிகம். பின்னதற்குத் தூசி அதிகம். கோடைக்காற்று அடிக்கும்போது மேட்டுத் தூசி வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரை வருகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். சுரங்கத்துக்குள் எட்டு மணி நேரம் சுவாசித்ததும் இதுவும் ஒரே அளவு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் கேட்பதும் அந்த அளவைத்தான்.

முதல் லோடு மண் எடுப்பதற்கு முன்னால், அந்தக் காற்றில் கன மீட்டருக்கு எவ்வளவு சிலிக்கா என்று அளந்து ஊர் நடுவே ஒரு பலகையில் எழுதுவார்களா? மறுபடி பிழிந்த பிறகு, இன்னும் நைஸாக அரைபட்ட அந்தக் கழிவை எங்கே கொட்டுவார்கள்? அங்கே வேலைக்குச் சேரும் முதல் ஆளின் நெஞ்சு எக்ஸ்ரே, முதல் நாளே எடுக்கப்படுமா, இல்லை ஐம்பது வருடம் கழித்தா?

ஒரு டன் மண்ணில் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறது என்று தசம சுத்தமாகச் சொல்ல அந்த ஊருக்கு நூறு வருடம் முன்பே தெரியும். ஒரு மூச்சில் எவ்வளவு கல் இருக்கிறது என்று சொல்வது அதைவிடக் கஷ்டமான விஞ்ஞானம் இல்லை.

மேட்டுக்குப் பெயர் சயனைடு. அந்தப் பெயரை வைத்தவர்கள் தங்கத்தைப் பார்த்து வைத்தார்கள். மறுபடி அதைத் தோண்டப் போகிறவர்கள், இந்தத் தடவையாவது தூசியையும் பார்க்கட்டும்.